இனிஷியலும் பணமும் போக அப்பாவுக்கு என்ன மிச்சம்?

உங்கள் பதிவில் நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். மனைவியோடு பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகள் ஒன்றாம் வகுப்பு. இடைக்கால உத்தரவின்படி மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டிவருகிறீர்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்ற வளாகத்தில் இரண்டிரண்டு மணி நேரம் மகளைப் பார்க்கிறீர்கள். இப்போது பள்ளியில் அவளுடைய இனிஷியலை மாற்றப்போவதாக மனைவி வீட்டில் பேச்சு அடிபடுகிறது. "இனிஷியலும் பணமும் போனால் அப்பா என்பவனுக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது? பணத்தை நிறுத்தினால் வழிக்கு வருவார்களா? டி.என்.ஏ. சோதனை கேட்கச் சொல்லி என் அத்தை மகன் சொல்கிறான், கேட்கலாமா?" இவை உங்கள் மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: தினமும் கூட இல்லாத ஒருவன் இன்னும் அப்பாதானா? அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகளாகக் குடும்ப நல வழக்குகளையே பெரும்பாலும் நடத்திவரும் வழக்கறிஞர். அப்பாக்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன், அம்மாக்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன். உங்கள் வழக்குக் கட்டை நான் பார்க்கவில்லை. உங்கள் மனைவி தரப்பு என்ன சொல்கிறது என்பதும் தெரியாது. ஆகவே சட்டம் உறுதியாகச் சொல்வதை உறுதியாகவே சொல்கிறேன். என் அனுபவத்தில் தோன்றுவதை, அப்படித் தோன்றுகிறது என்றே சொல்கிறேன். குழந்தை உளவியல் என் துறை இல்லை.

அவசரமானது பணம் என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம். நிறுத்தாதீர்கள். குழந்தையின் பராமரிப்புத் தொகையும் குழந்தையைப் பார்க்கும் உரிமையும் இரண்டு தனித்தனி உத்தரவுகள். ஒன்றை மறுத்து மற்றொன்றைப் பெற எந்த நீதிபதியும் விடமாட்டார். பராமரிப்பைச் சொல்வது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. அதன்படி, போதிய காரணமின்றிக் கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறை சென்றுவிட்டால் பாக்கி தீர்ந்துவிடும் என்று சிலர் டீக்கடையில் சொல்வார்கள். தீராது, உச்ச நீதிமன்றம் அதை 1989லேயே தெளிவாக்கிவிட்டது. உங்கள் வருமானம் உண்மையிலேயே குறைந்திருந்தால், தொகையைக் குறைக்கக் கோரி மனுப் போட வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் மாதக் கணக்கில் பாக்கி வைத்தவரின் எதிர்மனுவை நீதிபதி எந்த முகத்தோடு படிப்பார் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இதன் மறுபக்கமும் அதே அளவு உறுதியானது: நீங்கள் ஒரு மாதம் பணம் கட்டவில்லை என்பதற்காக அந்தச் சனிக்கிழமை குழந்தையைக் கூட்டிவராமல் இருக்க உங்கள் மனைவிக்கு உரிமை இல்லை.

இந்தப் பிரிவில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பராமரிப்புக் கடமை ஒருவழிப் பாதை இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத தந்தையும் தாயும் பிள்ளைகளிடம் கேட்கலாம் என்று அதே பிரிவே சொல்கிறது. 1987இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மகள் மருத்துவர், திருமணமானவர். தாய் இறந்த பிறகு மறுமணம் செய்துகொண்ட தந்தை அவரிடம் பராமரிப்புக் கேட்டிருந்தார். கட்டிக்கொடுத்த மகளுக்கு அந்தக் கடமை கிடையாது என்பது மகள் தரப்பு வாதம். சொந்தமாகச் சம்பாதிக்கும் மகளுக்கும் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு எழுபது வயதாகும்போது மகள் பார்த்துக்கொள்வாள் என்ற ஆசைக்காக இதைச் சொல்லவில்லை. கணவன் மனைவி உறவை ஒரு தீர்ப்பு முடித்துவைக்கலாம். அப்பா மகள் உறவை முடித்துவைக்கும் விவாகரத்து என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லை. அதைச் சொல்லவே இந்த வழக்கை இழுத்தேன்.

சரி, உரிமைக்கு வருவோம். என்னிடம் வரும் அப்பாக்களில் பாதிப் பேர் எங்கோ படித்துவிட்டு வருவார்கள்: "சட்டப்படி நான்தானே இயற்கைக் காப்பாளர்? அப்புறம் ஏன் பிள்ளை அவளிடம் இருக்கிறது?" அவர்கள் படித்தது சரிதான். இயற்கைக் காப்பாளர் என்றால், நீதிமன்றம் நியமிக்காமலே பிள்ளையின் காரியங்களுக்குப் பொறுப்பானவர் என்று சட்டம் ஏற்பவர். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் ஆறாவது பிரிவு, திருமணத்துக்குள் பிறந்த குழந்தைக்குத் தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகு தாய் என்கிறது. அதற்கும் பழையது 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாத தந்தை உயிரோடு இருக்கும்வரை வேறொருவரைக் குழந்தையின் காப்பாளராக நியமிக்க முடியாது என்று அதில் இருந்தது. அந்த இடத்தில் தந்தையோடு தாயையும் சேர்க்க 2010ஆம் ஆண்டுவரை ஆயிற்று. ஆக, ஏட்டைப் பார்த்தால் அப்பாதான் ராஜா.

அந்த ராஜாங்கம் எதற்கெல்லாம் பயன்பட்டது என்று பாருங்கள். 1984இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் ஒன்பது சதவீத நிவாரணப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். கணவரும் சம்மதித்து, அம்மாவே காப்பாளராகக் கையெழுத்திடலாம் என்று இருவருமாகத்தான் தெரிவித்திருந்தார்கள். அப்பாவின் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் காப்பாளர் சான்றிதழ் வேண்டும் என்று பதில் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1999 பிப்ரவரியில்தான் தீர்ப்பானது. 'அவருக்குப் பிறகு' என்பதை 'அவர் இறந்த பிறகு' என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் பொறுப்பில் இல்லாதபோது என்றும் கொள்ளலாம் என்றது நீதிமன்றம். ஒரே வீட்டில் இருந்தபடியே பிள்ளையின் காரியத்தில் அக்கறை காட்டாதவரும் 'இல்லாதவர்' கணக்கில் வந்துவிடுவார். அப்பாக்கள் இந்தத் தீர்ப்பைத் தங்களிடமிருந்து எதையோ பிடுங்கியதாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா என்பது ஒரு பதவி என்ற நிலையிலிருந்து செய்கிற வேலை என்ற நிலைக்குச் சட்டம் நகரத் தொடங்கிய இடம் அது. சட்ட ஆணையம் 2015ஆம் ஆண்டின் தன் 257ஆவது அறிக்கையில், தாயையும் தந்தையையும் சமமான காப்பாளர்களாக்கவும், பிரிந்தபின் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளவும் வழி செய்யச் சொன்னது. நாடாளுமன்றம் இன்னும் அதைச் சட்டமாக்கவில்லை.

காப்பாளர் என்பது வேறு, குழந்தை யார் வீட்டில் வளர்வது என்பது வேறு. அதே 1956 சட்டம், ஐந்து வயதுவரை குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்கிறது. குழந்தையின் நலனே தலையாயது என்று பதின்மூன்றாவது பிரிவில் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறது. உங்கள் மகளுக்கு ஐந்து முடிந்துவிட்டது. அதனால் தராசு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு ஆண்டுகளாக ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே தோழிகள் என்று வளரும் குழந்தையை அங்கிருந்து பெயர்த்து எடுக்க வலுவான காரணம் வேண்டும். 'நான்தான் இயற்கைக் காப்பாளர்' என்பது அப்படிப்பட்ட காரணம் ஆகாது.

அப்படியானால் நீதிபதி எதைப் பார்க்கிறார்? இனி சொல்வது அனுபவம். தன் அறைக்குள் கூப்பிட்டு அப்பாவிடம் தனியாகப் பேசும் நீதிபதிகள் உண்டு. சம்பளம், சொந்த வீடு, தாத்தா பாட்டி கூட இருப்பது எல்லாம் மனுவிலேயே இருக்கும். அவர்கள் கேட்பது வேறு. வகுப்பாசிரியை பெயர் என்ன? குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? இரவு விளக்கை அணைத்தால் தூங்குவாளா, அழுவாளா? வேனில் போகிறாளா, யார் ஏற்றிவிடுகிறார்கள்? பெரிய கம்பெனி மேலாளர்கள் இந்த இடத்தில் வியர்த்துப்போய் என்னைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். என் கட்சிக்காரர் ஒருவர் பவர்லூம் தறி ஓட்டுபவர். ராத்திரி ஷிப்டு முடித்து வந்து காலையில் மகனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர். அத்தனை கேள்விக்கும் தடையில்லாமல் பதில் சொன்னார். கூடவே, "தலை துவட்டும்போது இடது காதை மட்டும் மெதுவாகத் துடைக்க வேண்டும் அம்மா, அவனுக்கு அடிக்கடி சீழ் வரும்" என்றார். அன்றைக்கு அந்த அறையில் நான் வாயைத் திறக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. பிள்ளையின் பொறுப்பு முழுதாக அவருக்கு வந்துவிடவில்லை என்றாலும், வார இறுதி இரண்டு நாளும் மகன் அவர் வீட்டில் தங்க உத்தரவானது.

இதைச் சொல்லும்போது ஓர் எரிச்சலையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் ஆண் பிள்ளையை இப்படி வளர்ப்பதில்லை. 'அப்பா வரட்டும், சொல்கிறேன்' என்று மிரட்டுவதற்கும், முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து வாங்குவதற்கும், கல்லூரிக் கட்டணத்துக்கும் மட்டும் ஓர் ஆள் தேவை என்று வைத்து, அந்த ஆளுக்கு அப்பா என்று பெயர் கொடுத்திருக்கிறோம். துபாயிலோ சவூதியிலோ இருந்து பணம் அனுப்பிப் பிள்ளைகளை ஆளாக்கிய ராமநாதபுரத்துக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய தியாகத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் தியாகம் செய்வதும் பழகியிருப்பதும் ஒன்றில்லை. உறவு முறியும்போது, பழகாத அப்பாவின் கையில் மிஞ்சுவது வங்கிப் பரிவர்த்தனை விவரம் மட்டுமே. அவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வது நியாயம்தான். அந்த ஏமாற்றத்தில் அவர் மனைவிக்கு உள்ள பங்கைவிட ஊருக்கு உள்ள பங்கு பெரிது என்பது என் அபிப்பிராயம்.

அரசும் இதில் ஊர் கட்சிதான். மத்திய அரசின் ஆண் ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு, அதுவும் உயிரோடு உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால். தனியார் துறையில் அப்பாவுக்கு விடுப்பு தரச் சொல்லும் மத்தியச் சட்டமே கிடையாது. அம்மாவுக்கு 26 வாரம். 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்த வழக்கை நான் இளம் வழக்கறிஞர்களுக்கு அடிக்கடி சொல்வேன். தென்காசி மாவட்டத்தில் ஒரு காவல் ஆய்வாளர். செயற்கைக் கருத்தரிப்பு முறையில் கருவுற்ற மனைவியின் பிரசவத்துக்காக விடுப்புக் கேட்டார். கொடுத்த விடுப்பும் சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி ரத்தானது. அவர் மனைவியோடு இருந்துவிட்டார். பணியைவிட்டு ஓடியவர் என்று அவர்மீது உத்தரவு போட்டார்கள். நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்ததோடு, தந்தையருக்கான விடுப்புக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் வேண்டும் என்றும் சொன்னது. பிரசவ அறை வாசலில் நின்றதற்காக ஓர் ஆண் 'ஓடிப்போனவர்' ஆகிறார் என்றால், அப்பாவின் இடம் எது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

உங்கள் சனிக்கிழமைகளைப் பற்றிப் பேச வேண்டும். நீதிமன்றத்துக் குழந்தைகள் அறை நல்ல இடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள், பாதி உடைந்த பொம்மைகள், சுவரில் உரிந்த மிக்கி மவுஸ், வாசலில் ஒரு பெண் காவலர். பெரும்பாலான அப்பாக்கள் விலை உயர்ந்த பொம்மையோடும் கேக்கோடும் வருவார்கள். பத்து நிமிடத்தில் பொம்மை அலுத்துவிடும். மீதி நேரத்தில் 'அம்மா என்னைப் பற்றி என்ன சொல்கிறாள்?', 'வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள்?' என்று விசாரணை தொடங்கும். குழந்தை நகத்தைக் கடித்துக்கொண்டு கதவைப் பார்க்கும். அடுத்த சனிக்கிழமை 'வயிற்று வலி' என்று தகவல் வரும். அம்மா சொல்லிக்கொடுத்துதான் வலி வந்தது என்று அப்பா என்னிடம் கொதிப்பார். சில சமயம் அது உண்மை. பல சமயம் வலியும் உண்மை.

ஒரு ஜூன் மாதம் அதே அறையில் வேறொன்றைப் பார்த்தேன். ஓர் அப்பா பழுப்பு அட்டைத்தாள் சுருள், கத்தரிக்கோல், லேபிள், ஒட்டும் நாடா எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். மகளின் புதிய புத்தகங்களை அம்மாவே பையில் போட்டு அனுப்பியிருந்தார். அவர்களுக்குள் பேச்சு கிடையாது, எல்லாம் மத்தியஸ்தர் வழியாகத்தான். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து அப்பா தாளை மடிக்க, மகள் நாடாவைக் கிழித்துக் கொடுக்க, பன்னிரண்டு மணிக்கு இன்னும் மூன்று புத்தகம் பாக்கி. "அடுத்த வாரம் மிச்சத்தைப் போடலாம்" என்று மகள்தான் சொன்னாள். லேபிளில் பெயரை எழுதுவதற்கு முன் இனிஷியல் எங்கே போடுவது என்று அவள் கேட்க, "உன் டீச்சர் எப்படிச் சொன்னாரோ அப்படி எழுது" என்றார் அவர். வழக்கு எப்படி முடிந்தது என்பதை இங்கே எழுத முடியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் அப்பாவாக இருந்தார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

வயிற்று வலி என்றதும் இன்னொன்றைத் தெளிவாக்க வேண்டும். அம்மா குழந்தையின் மனத்தைக் கெடுக்கிறாள் என்பதை இப்போது 'பெற்றோர் அந்நியமாக்கல்' என்ற பெயரில் மனுக்களில் எழுதுகிறார்கள். இது உறுதியும் ஐயமும் கலந்த இடம். 2017இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் அந்தக் கருத்தை எடுத்துப் பேசியது. 2024 மே மாதம் வேறொரு வழக்கில், எந்தச் செயலால் குழந்தை விலகியது என்று குறிப்பாகக் காட்டாமல் அந்த முத்திரையைக் குத்தக்கூடாது என்று எச்சரித்தது. குழந்தை ஒரு பெற்றோரிடம் வர மறுப்பதற்குப் பயம், பழக்கமின்மை, உண்மையான கோபம், இரு பக்கமும் இழுபடும் களைப்பு என்று பல காரணங்கள் இருக்கலாம். எது என்று என்னால் சொல்ல முடியாது. நீதிமன்ற ஆலோசகரோ குழந்தை மனநல மருத்துவரோதான் சொல்ல வேண்டும். அப்பா இல்லாமல் வளரும் பிள்ளை கெட்டுவிடும் என்று உங்கள் பதிவின் கீழே ஒருவர் சட்டமாகவே எழுதியிருக்கிறார். அதையும் நான் ஏற்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் பணம் குறைவு, சண்டையின் வடு, வீடு மாறிய அலைச்சல் எல்லாம் சேர்ந்தே இருக்கும். எது எதனால் என்று பிரித்துக் காட்டுவது எளிதில்லை. நல்ல அப்பா இருப்பது குழந்தைக்கு நல்லது. அதற்குமேல் ஆரூடம் சொல்ல வேண்டியதில்லை.

இனி இனிஷியல். உறுதியானதைச் சொல்கிறேன்: தந்தை பெயரின் முதல் எழுத்தைத்தான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை, அது நம் வழக்கம். மகளின் பிறப்புப் பதிவில் உள்ள தந்தை பெயர், நீங்கள் பிரிந்ததாலோ நாளை விவாகரத்து ஆவதாலோ மாறாது. பள்ளி ஏட்டில் உங்கள் பெயரையே நீக்கவோ வேறொருவர் பெயரைத் தந்தை என்று எழுதவோ முயன்றால் ஆட்சேபிக்கலாம், ஆட்சேபிக்கவும் வேண்டும். அம்மாவின் எழுத்தையும் சேர்த்துப் போடுவது மட்டும்தான் நடக்கிறது என்றால், அதற்காக ஒரு மனுவையும் ஆறு வாய்தாவையும் செலவழிக்காதீர்கள் என்பது என் ஆலோசனை. காலம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். திருமணமாகாத தாய் குழந்தையின் தந்தை யார் என்று சொல்லத் தேவையில்லை, அவரது உறுதிமொழிப் பத்திரத்தை வைத்தே பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாய் மட்டுமே உள்ளவர்களுக்குப் பான் அட்டை விண்ணப்பத்தில் தந்தை பெயர் கட்டாயமில்லை என்று 2018 டிசம்பர் முதல் விதி மாறியது. 2022இல் வந்த ஆந்திர வழக்கு இன்னும் நெருடலானது. கணவர் இறந்தபின் மறுமணம் செய்த பெண். குழந்தைக்குப் பழைய குடும்பப் பெயரையே வைக்க வேண்டும், ஆவணத்தில் புதுக் கணவரை 'மாற்றுத் தந்தை' என்று குறிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் உத்தரவு. அப்படிக் குறிப்பது கிட்டத்தட்டக் கொடுமை என்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. இறந்துபோன தந்தையின் பெற்றோருக்கு அது வலித்திருக்கும். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் தினமும் அந்தச் சொல்லோடு நிற்கப்போவது குழந்தை.

டி.என்.ஏ. சோதனை பற்றிய உங்கள் கேள்விக்கு நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பதில் சொல்லப்போகிறேன். மகள் உங்களுடையவள் என்பதில் உங்களுக்கே சந்தேகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 'நெருக்கடி கொடுக்க' மட்டும் கேட்கலாமா என்கிறீர்கள். கேட்காதீர்கள். முதலில் சட்டம்: செல்லுபடியாகும் திருமணம் இருக்கும்போது பிறந்த குழந்தை, அல்லது திருமணம் முறிந்து தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாட்களுக்குள் பிறந்த குழந்தை, அந்தக் கணவருடையதே என்பது முடிவான சான்று. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 112ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116ஆவது பிரிவு. கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டுமே அதை அசைக்கலாம். ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய நீங்கள் எதை நிரூபிப்பீர்கள்? 2014இல் ஒரு வழக்கில், ஏற்கெனவே எடுத்துவிட்ட சோதனையின் முடிவுக்கு உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்தது உண்மை. அதை மட்டும் வெட்டியெடுத்துச் சுற்றுக்கு விடுகிறார்கள். அதே நீதிமன்றம் 2023இல், கணவன் மனைவி சண்டையில் குழந்தையைச் சோதனைக் குழாயில் போடும் வழக்கம் கூடாது, தன் பிறப்பு சந்திக்கு வராமல் இருப்பது குழந்தையின் உரிமை என்ற பொருளில் தீர்ப்பளித்ததை யாரும் அனுப்புவதில்லை.

2025 ஜனவரியில் வந்த கேரள வழக்கு இதற்குத் தலைகீழ். 1989இல் மணந்தவர்களுக்கு 2001இல் பிறந்த மகன். பெற்றோர் 2006இல் விவாகரத்து பெற்றார்கள். தன் உண்மையான தந்தை வேறொருவர் என்று சொல்லி அவரிடம் பராமரிப்புக் கேட்டார் மகன். உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பிறந்தபோது தாய்க்குக் கணவர் இருந்தார், இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பும் இருந்தது. ஆகவே சட்டப்படி அவரே தந்தை. அறிவியல் தெரிந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். சட்டத்தின் கணக்கு வேறு: ரத்தத்தைத் தேடிப்போய்க் குழந்தையைத் தந்தையற்றதாக்குவதைவிட, இருக்கிற ஒருவரை அப்பாவாக நிற்கவைப்பது மேல். இது எல்லா வழக்கிலும் நியாயமாக முடியும் என்று நான் வாதாடமாட்டேன். உண்மையாகவே ஏமாற்றப்பட்ட ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பிரிவு தருகிற ஆறுதல் குறைவு. நீங்கள் அவர்களில் ஒருவர் இல்லை. நாளைக்கு மகள் வளர்ந்து வழக்குக் கட்டைப் புரட்டும்போது, 'இவள் எனக்குப் பிறந்தவளா என்று சோதிக்க வேண்டும்' என்று அப்பா கையெழுத்திட்ட பத்தி அதில் இருக்க வேண்டுமா? உங்கள் அத்தை மகனைக் கொஞ்ச நாள் தூரத்தில் வையுங்கள்.

தினமும் கூட இல்லாதவன் அப்பாவா என்ற கேள்விக்குச் சட்டம் தரும் பதில் உங்களுக்குச் சாதகமானது. 2020 ஜனவரியில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், தாய் தந்தை இருவருடைய அன்பும் குழந்தையின் உரிமை என்றது. பொறுப்பு ஒருவரிடம் இருந்தாலும் மற்றவர் போதிய அளவு பார்க்கவும், தொலைபேசியிலும் வீடியோ அழைப்பிலும் பேசவும் வகை செய்ய வேண்டும் என்றது. உரிமை குழந்தையுடையது என்பதைக் கவனியுங்கள். உங்கள் மனுவை எழுதும் வழக்கறிஞரிடம் 'என் உரிமை மறுக்கப்படுகிறது' என்று பத்து இடத்தில் எழுதுவதைக் குறைத்து, மகளுக்கு என்ன கிடைக்காமல் போகிறது என்று எழுதச் சொல்லுங்கள். மத்தியஸ்தத்தில் அமரும்போதும் அதே மொழியில் பேசுங்கள். எதிர்த்தரப்பின் தோள் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். எல்லா வழக்கிலும் இறங்கும் என்று உத்தரவாதம் தர முடியாது.

ஒரே அடியில் பொறுப்பு முழுவதையும் கேட்காமல் படிப்படியாகக் கேளுங்கள். முதலில் நீதிமன்ற அறையிலிருந்து வெளியே, ஒரு பூங்காவிலோ உறவினர் வீட்டிலோ, காலை முதல் மாலைவரை. வாரத்தில் மூன்று நாள் இரவு ஏழரைக்குக் கால் மணி நேர வீடியோ அழைப்பு. நேரத்தை உத்தரவிலேயே குறிக்கச் சொல்லுங்கள், 'வசதிப்பட்டபோது' என்று விட்டால் வசதி ஒருநாளும் வராது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகவும், முன்னேற்ற அறிக்கையின் நகல் பெறவும், உடல்நலம் சரியில்லாதபோது தகவல் தெரியவும் தனித்தனியாகக் கேளுங்கள். இவற்றை மறுக்க எதிர்த்தரப்புக்குப் பெரிதாகக் காரணம் கிடைக்காது. ஆறு மாதம் ஒரு சனிக்கிழமையும் தவறாமல், ஐந்து நிமிடமும் பிந்தாமல் போய்வந்திருந்தால், வருகைப் பதிவேடே உங்களுக்காகப் பேசும். அதன் நகலை மனுவோடு இணையுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக மட்டும். கோடை விடுமுறையில் ஒரு வாரம் மகள் உங்களோடு தங்க வேண்டுமானால் மார்ச் மாதமே இடைக்கால மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் ஓடிவந்தால் எதிர்மனுவுக்கு ஒரு வாய்தா போகும், அதற்குள் நீதிமன்றமும் மே மாத விடுமுறைக்குப் போய்விடும்.